மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு

பொங்கல் முடிந்த வாரம் வேலூர்க் கோட்டைப் பக்கம் விடிகாலையில் வந்து பாருங்கள். அகழியை ஒட்டி நடப்பவர்கள், மைதானத்தில் ஓடுபவர்கள், ஓரமாகத் தண்டால் எடுப்பவர்கள் என்று கூட்டம் நெரியும். பாதிப் பேர் காலில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஷூ. மாசி பிறக்கும்போது அதே இடத்தில் நின்றால் புது முகங்களில் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். எல்லாம் ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் பார்த்தவரை அவர்களை நிறுத்தியது பெரும்பாலும் வலிதான். முழங்கால், குதிகால், இடுப்பு, ஏதோ ஒன்று.

எனக்கும் அதுதான் நடந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசில் ஊதிவிட்டு, நானே ஓடுவதைப் பல வருடம் விட்டிருந்தேன். 38 வயதில் மறுபடி தொடங்கினேன். நாலு வாரத்தில் மூச்சு பழகிவிட்டது. ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கோட்டை வரைக்கும் ஓடி, அதே சூட்டில் திரும்பியும் ஓடினேன். மூச்சு சொன்னது, இன்னும் ஓடலாம் என்று. மறுநாள் வலது முன்னங்கால் எலும்பில் விரல் வைத்தால் உயிர் போனது. அப்புறம் ஆறு வாரம் ஓட்டமே கிடையாது.

மூச்சு சொன்னது பொய் இல்லை. அது தன் கணக்கை மட்டும் சொன்னது, எலும்பின் கணக்கு எனக்குத் தெரியவில்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி நாள்கணக்கில் பயிற்சிக்குப் பழகுகிறது. இரத்தம் நாள்கணக்கில், நரம்பு வாரக்கணக்கில், எலும்பு மாதக்கணக்கில். புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதற்குள் அடங்கும்.

முதல் வேலை, நாடி பிடிப்பது

ஷூ வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காலையில் கண் விழித்ததும், காபிக்கு முன்னால், படுத்த வாக்கிலேயே இடது உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதினால் உங்கள் நாடி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது சாதாரணம். நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு 40, 50 என்று இருக்கும். காரணம் எளிய பெருக்கல் கணக்கு. சும்மா இருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓட வேண்டும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் 72 தடவை துடித்தால் அந்த 5 லிட்டர் வந்துவிடும். பயிற்சியில் இதயத்தின் அறை கொஞ்சம் விரிந்து, ஒரு தடவைக்கு 90 மில்லி தள்ளத் தொடங்கினால் 56 துடிப்பே போதும். ஓய்வு நாடி குறைகிறது என்றால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வேலை செய்கிறது என்று அர்த்தம். சில மாதத்தில் 5, 10 துடிப்பு குறைவதை நீங்களே காலண்டர் தாளில் பார்க்கலாம்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடியை அடக்கி வைக்கும். அவர்கள் நாடிக் கணக்கை நம்பாமல், கீழே சொல்லப்போகும் பேச்சுச் சோதனையை நம்ப வேண்டும்.

சில்லறை, கைமாற்று, சம்பளம்

மைதானத்துக்கு வரும் மளிகைக்கடைக்கார அண்ணன் ஒருவர் முதல் நாள் நூறு மீட்டர் ஓடிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"இன்னா சார் இது, ஒரு ரவுண்டு முடியல, மூச்சு மேல மேல வாங்குது. டாக்டராண்ட காட்டினேன், ஒன்னும் இல்லன்னுட்டாரு."

"ஒண்ணும் இல்லைதான் அண்ணே. சில்லறையை எல்லாம் முதல் தெருவுலேயே செலவு பண்ணிட்டீங்க, அவ்வளவுதான்."

கடைக்காரர் என்பதால் கணக்காகவே சொன்னேன். தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற ஒரே நாணயம்தான் செல்லும். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். பக்கத்திலேயே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சில்லறை இருக்கிறது. அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 10 விநாடி. ஓடிப்போய் பஸ் பிடிப்பது, அரிசி மூட்டையை ஒரே மூச்சில் தூக்குவது எல்லாம் இந்தக் காசில்தான்.

அது தீர்ந்தால் தசை கைமாற்று வாங்கும். தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரையை ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் அவசரமாக உடைக்கும். பணம் உடனே கைக்கு வரும், ஆனால் சர்க்கரை உடைவதில் மிஞ்சும் லாக்டேட்டும் அமிலத்தன்மையும் சேர்ந்து வரும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படித் தாக்குப்பிடிக்க முடியாது. கால் கனக்கும், மூச்சு இரைக்கும். அண்ணன் முட்டியைப் பிடித்தது இந்த இடத்தில்.

மூன்றாவது, மாதச் சம்பளம். ஆக்சிஜன் வைத்து, தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையையும் கொழுப்பையும் நிதானமாக எரிப்பது. மெதுவாகத்தான் வரும், ஆனால் மணிக்கணக்கில் வரும். சம்பளம் வரத் தொடங்கவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதனால்தான் எடுத்த எடுப்பில் ஓடினால் திணறுகிறோம், ஐந்து நிமிடம் நடந்து சூடேற்றிவிட்டு ஓடினால் அதே வேகம் சுலபமாக இருக்கிறது.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம் பக்கம் உண்டு. இன்றும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் தயாராகும் பையன்கள் மைதானங்களில் நிறையப் பேர். ராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர், காவலர் தேர்வில் ஆண்களுக்கு 7 நிமிடத்தில் 1500 மீட்டர். இரண்டும் பெரும்பகுதி சம்பளக் கணக்கில் ஓடுகிற ஓட்டம். ஆனால் பையன்கள் தினமும் 100 மீட்டரைச் சீறிப் பாய்ந்து ஓடிவிட்டு, நாக்கு தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். தம்பி, நீ தேர்வு எழுதப்போவது ஒரு பாடம், படித்துக்கொண்டிருப்பது வேறு பாடம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

பேசிக்கொண்டே ஓடுங்கள்

அப்படியானால் எந்த வேகம் சரி? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச முடியும், பாட முடியாது என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடுமையான வேகம். முதல் இரண்டு மாதம் பேசுகிற வேகமே போதும். இது சோம்பேறிப் பயிற்சி இல்லை. மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும், தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கூடுதலாக முளைப்பதும் இந்த வேகத்திலேயே நன்றாக நடக்கும். 1967-ல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை ஓடவிட்டு, அவற்றின் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார்.

நாடி வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு இருக்கிறது. 40 வயதுக்கு 180. அதுதான் உச்சத் துடிப்பு என்பார்கள். சராசரிக்குச் சரி, தனி ஆளுக்கு 10, 12 துடிப்பு இப்படியும் அப்படியும் தள்ளும். கையில் கட்டும் கடிகாரம் சிவப்பு காட்டுகிறதே என்று பயந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிகாரம் உங்கள் வயதை மட்டும்தான் பார்த்தது. பேச முடிகிறதா? அப்புறம் என்ன, ஓடுங்கள்.

ஓடவே பிடிக்காதவர்கள் வேகமாக நடக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. வேலையிலேயே உழைப்பு இருந்தாலும் அது கணக்கில் சேரும். 1953-ல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம் டவுன் பஸ்ஸில் மாடி இல்லை. ஆனால் காலை எட்டரை மணிக்கு பாகாயம் பஸ்ஸில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போய்வரும் கண்டக்டரை யாராவது அளந்து பார்க்க வேண்டும்.

எது எப்போது பழகும்

முதலில் மாறுவது இரத்தம். பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்துக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. சிவப்பணுக்கள் அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை. அதனால் இந்தச் சமயத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் ஒரு பொட்டு குறைந்தது போலக்கூடக் காட்டலாம். சாம்பாரில் தண்ணீர் கூடிய கதைதான், பருப்பு குறையவில்லை. பிளாஸ்மா கூடியதால் இதயம் நிறைந்து துடிக்கிறது, அதே நடைக்கு நாடி குறைகிறது. இரண்டாவது வாரமே லேசாகிவிட்டதாகத் தோன்றுவது இதனால்.

அடுத்தது நரம்பு. எடை தூக்குகிறவர்களுக்கு முதல் மூன்று நான்கு வாரத்தில் வரும் பலம் பெரும்பாலும் மூளையும் நரம்பும் கற்றுக்கொண்டதுதான். தசையில் இருக்கும் நார்களில் எத்தனையை ஒரே சமயத்தில் வேலைக்குக் கூப்பிடுவது என்று அவை பழகுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழாய்களும் கணிசமாகக் கூட ஆறேழு வாரம் ஆகும். தசை கண்ணுக்குத் தெரியும்படி தடிக்கவும் அதே அளவு, பெரும்பாலும் இன்னும் அதிகம்.

கடைசியில் வருவது தசையை எலும்போடு கட்டும் தசைநாணும், எலும்பும். தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் தடிக்கும். எலும்பு இன்னும் விசித்திரம். புதுச் சுமை வந்தால் அது முதலில் பழைய இடத்தைக் கரைத்து எடுக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். வீட்டுத் தூணை மாற்றுகிற மாதிரி. இந்த ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரம், கரைத்தது அதிகமாகவும் கட்டியது குறைவாகவும் இருக்கும். என் முன்னங்கால் எலும்பு ஐந்தாவது வாரத்தில் மாட்டியது இங்கேதான். இரத்தமும் மூச்சும் பழகி, எலும்பு பாதி கரைந்து நின்ற நேரம் பார்த்து நான் தூரத்தைக் கூட்டினேன்.

ஆகவே விதி இதுதான். மூச்சு அனுமதித்தாலும் தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சம்தான் கூட்டுங்கள். 20 நிமிடம் ஓடினால் அடுத்த வாரம் 22, 23. நாலாவது வாரம் கூட்டாமல் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிற எலும்பு வலி, இரவில் படுத்தாலும் விடாத வலி என்றால் ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கிற வலி இல்லை அது.

படி இறங்கிய மறுநாள்

வள்ளிமலைக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். தொடை வலிப்பதோ இறங்கிய மறுநாள், அதுவும் இரண்டாம் நாள்தான் உச்சம். லாக்டேட் தேங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும் சமாச்சாரம், இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையான காரணம் வேறு. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இப்படி நீளும்போது சுமை தாங்கினால் தசையின் நார்களில் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்யும் வேலை நடக்கும்போது வலி வருகிறது. 24 மணி முதல் 72 மணி நேரம் வரை கூடி, தானாக அடங்கும்.

நல்ல செய்தி, ஒரு தடவை பட்ட தசை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அவ்வளவு வலிக்காது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி தவறாமல் போகிற பாட்டிகள் மறுநாள் வாசல் தெளிப்பார்கள், வருடத்துக்கு ஒரு தடவை கார்த்திகைக்கு மட்டும் போகிற பேரன் மூன்று நாள் படி ஏற முடியாமல் கிடப்பான். லேசாக நடந்தால் வலி ஆறும். அதே தசைக்கு அன்றே கடும் பயிற்சி வேண்டாம். சிறுநீர் கோலா நிறத்துக்குக் கறுத்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை போங்கள்.

தண்டால், பஸ்கி

சத்துவாச்சாரி பளு தூக்குகிறவர்களின் ஊர். சதீஷ் சிவலிங்கம் அங்கிருந்து போய் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 149, தோளில் நிறுத்தி அப்புறம் மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018-ல் கோல்ட் கோஸ்டில் மறுபடி தங்கம். இதில் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது எடைப் பிரிவை. உடம்பு 77 கிலோவைத் தாண்டக் கூடாது, ஆனால் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பலம் என்பது பருமன் மட்டும் இல்லை, நரம்பின் பழக்கமும்தான். அதனால் முதல் மாதம் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஜிம்முக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாள் விட்டு. பஸ்கி 10, சுவரில் கை வைத்துத் தண்டால் 10, ஒரு படியில் ஏறி இறங்குவது காலுக்கு 10, குதிகாலைத் தூக்கி நிற்பது 15. இரண்டு சுற்று. பத்து சுலபமாக வந்துவிட்டால் 12, அப்புறம் 15. சுவர்த் தண்டால் சுலபமானால் திண்ணை உயரத்துக்கு வாருங்கள், பிறகு தரை. இப்படிப் படிப்படியாகக் கூட்டாவிட்டால் உடம்பு பழகிய இடத்திலேயே நின்றுவிடும். தென்மாவட்டத்தில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் முதல் நாளே பெரிய கல்லைத் தொட்டிருக்க மாட்டார்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் எகிறும். பாரம் ஏறும்போது மூச்சை விடுங்கள்.

வயதாகிவிட்டது என்று ஒதுங்குகிறவர்களுக்கு: 1990-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயது ஆட்களுக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். காலின் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

வெயிலூரில் வியர்ப்பது

இது நம் ஊருக்கே உரிய பாடம், கொஞ்சம் நின்று பார்ப்போம். தசை எரிக்கும் சக்தியில் கால் பங்குக்குக் குறைவாகத்தான் அசைவாகிறது. மீதி முழுக்க சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒழுகிக் கீழே சொட்டிய வியர்வையால் பிரயோசனம் இல்லை.

சென்னையில் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை சொட்டும், சட்டை பிழிந்து எடுக்கலாம், வியர்த்தது தெரியும். வேலூரில் சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வறண்ட வெயிலில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். நிறைய வியர்க்கவில்லை என்று நினைத்து ஏமாந்துபோவோம். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி எடை. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் அது கொழுப்பு இல்லை, அரை லிட்டர் தண்ணீர். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ, அதாவது 2 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் தளரும், நாடி ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். எது கையில் இருக்கிறதோ அது. தாகத்துக்குக் குடியுங்கள். பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து அதுவும் ஆபத்தாகும்.

வெயிலுக்கும் உடம்பு பழகும். தினமும் ஒரு மணி நேரம் போல வெயிலில் உழைத்தால் 10 முதல் 14 நாளில் பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும். ஏ.சி. அறையிலேயே இருந்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போயிருக்கும். கட்டட வேலைக்குப் போகும் அண்ணன் தாங்குகிற வெயிலை கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி தாங்க முடியாததற்கு இது ஒரு காரணம். பங்குனி தொடங்கியதும் நான் எல்லோரையும் 5 மணிக்கு வரச்சொல்லி 6.15-க்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கத்திரி வெயிலில் வேகத்தைக் கேட்கவே மாட்டேன்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆள் தடுமாறினால், உளறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பவாதம். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெப்பவாதம் வரலாம். 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் பயணம்.

சாப்பாடு, தூக்கம், மாத்திரை

நிறையச் சொல்ல மாட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடாதீர்கள். கடும் பயிற்சியில் இரத்தத்தின் 80 சதவீதத்துக்கு மேல் தசைக்குப் போய்விடும், வயிற்றில் இருக்கும் ஆம்பூர் பிரியாணி அநாதையாகக் கிடக்கும். தசை வளர, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதைப்போல இரண்டு மடங்கு. சோற்றைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டினால் டப்பா பவுடர் வாங்க வேண்டியதில்லை. வளர்ச்சி நடப்பது மைதானத்தில் இல்லை, தூங்கும்போது. 7 மணி நேரம் தூங்காதவர்கள் பயிற்சியைக் கூட்ட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நடை மருந்து மாதிரி. சுருங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தாலே பலன் தெரியும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் திடீரென்று சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சட்டைப்பையில் இரண்டு சர்க்கரை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் இதில் எது வந்தாலும் வாயு என்று ஓமவாட்டர் குடிக்காமல் நேரே மருத்துவமனைதான்.

முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள் 20 முதல் 25 நிமிடம் வேக நடை. மூன்றாவது வாரம் மூன்று நாள் மட்டும் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. மற்ற நாளில் நடை. நாலாவது வாரம் அதே கணக்கை ஆறு தடவையாகக் குறையுங்கள். ஐந்து, ஆறில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஏழில் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. எட்டாவது வாரம் மறுபடி கொஞ்சம் குறைவு. பேச்சுச் சோதனை எல்லா வாரத்துக்கும் பொருந்தும். முடிந்தால் சிமெண்ட் ரோட்டை விட்டு மண் தரையில் ஓடுங்கள்.

நடுவில் கல்யாணம், காய்ச்சல், வெளியூர் வேலை எல்லாம் வரும். நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று பதற வேண்டாம், ஆனால் முதலில் பழகிய பிளாஸ்மாதான் முதலில் போகும், சில நாளிலேயே. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயது எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் எடுத்திருந்தது தெரிந்தது. ஆகவே விடுமுறை என்றாலும் முழுசாகப் படுக்காதீர்கள், பத்து நிமிடமாவது நடங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி அளவில் தொடங்குங்கள்.

மளிகைக்கடை அண்ணன் கிழித்த காலண்டர் தாள்களைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார். தை மாதத்தில் 82, 84 என்று ஓடிய எண்கள் ஆடிக்குள் 72-க்கு வந்திருந்தன. நடுவில் ஒரு நாள் தாளில் மட்டும் திடீரென்று 88. அன்று மாலை அவருக்குக் காய்ச்சல் வந்தது. காலை நாடி வழக்கத்தைவிட 8, 10 கூடியிருந்தால் தூக்கம் கெட்டிருக்கிறது, முந்தின நாள் அதிகமாகிவிட்டது, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. எதுவாக இருந்தாலும் அன்று ஓட வேண்டாம். காய்ச்சல் என்றால் நடையும் வேண்டாம், விட்ட பிறகு நாடி பழைய எண்ணுக்கு இறங்கும்வரை பொறுத்துவிட்டு ஷூவை எடுங்கள்.